பிக்கப் டிரக்கின் பின்பக்கப் பட்டை செட்டை மாற்றுதல்: கரடுமுரடான பாதைக்கான முழுமையான வழிகாட்டி

பின்பக்க சஸ்பென்ஷனை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் "எத்தனை இன்ச் உயரும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய எண் வேறு ஒன்று: வண்டியின் பின் ஆக்சில் எந்நேரமும் எத்தனை கிலோ சுமக்கிறது? பட்டையின் (அடுக்கடுக்காக வைத்த இரும்புப் பட்டை ஸ்பிரிங்கின்) கனம், ஷாக் அப்சார்பரின் நீளம், பிரேக் வால்வின் அமைப்பு எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான் முடிவாகும். அதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கிய செட், காலி வண்டியில் கல்லாகக் குதிக்கும். அல்லது பாரம் ஏற்றியதும் பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் சேசிஸில் மோதாமல் தடுக்கும் ரப்பரில்) போய் உட்காரும்.

இங்கே சொல்வது ஏணி வடிவ சேசிஸும், பின்னால் ஒற்றை ஆக்சிலும், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங்கும் கொண்ட பிக்கப்புகளுக்கு. டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், ஃபோர்டு ரேஞ்சரின் வழக்கமான மாடல்கள் எல்லாம் இந்த வகைதான். பின்னால் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டிக்கு எடைக் கணக்கும் ஷாக் அளவும் பொருந்தும். கழற்றி மாட்டும் முறை பொருந்தாது.

முதலில் எடை, பிறகு அளவு

வழக்கமாகப் பயணம் போகும் நிலையில் வண்டியைத் தயார் செய்யுங்கள். டேங்க் நிறைய எரிபொருள், தண்ணீர், கருவிகள், கூடாரம் எல்லாம் ஏறியிருக்கட்டும். எடைமேடையில் பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி எடை பாருங்கள். பின்பு சாமான் எதுவும் இல்லாமல் இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் நிரந்தரப் பாரம் ஆகிவிடாது. எப்போதுமே கழற்றாத பொருட்களை மட்டும் நிரந்தரக் கணக்கில் சேருங்கள்.

எடைமேடை கிடைக்காவிட்டால் கூட்டிப் பார்க்கலாம், ஆனால் ஒரு பொறி இருக்கிறது. ஆக்சிலுக்குப் பின்னால் தொங்கும் எடை, தன் எடையைவிட அதிகமாக ஆக்சிலை அழுத்தும். மேல்கூடு 70 கிலோ, இழுப்பறைப் பெட்டி 60, குளிர்ப்பெட்டி 35, தண்ணீர் 40 என்று வையுங்கள். இவை ஏறக்குறைய ஆக்சிலுக்கு நேர் மேலே இருந்தால் 205 கிலோ. இத்துடன் ஸ்டெப்னி தாங்கும் இரும்பு பம்பர் 80 கிலோ, ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 3 மீட்டர் என்றால், அந்த 80 கிலோ பின் ஆக்சிலில் 80 × 4.2 ÷ 3 = 112 கிலோவாக இறங்கும். முன் ஆக்சிலிலிருந்து 32 கிலோவைத் தூக்கியும் விடும். ஆக, 285 என்று நினைத்தது உண்மையில் 317.

இந்த எண்ணை வைத்துத்தான் பட்டை செட் தேர்வு. தயாரிப்பாளர்கள் பொதுவாக ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று நிலைகளில் தருவார்கள்: காலியாக ஓடுவதற்கு, நடுத்தர நிரந்தரப் பாரத்துக்கு, கனமான நிரந்தரப் பாரத்துக்கு. உங்கள் எடை இரண்டு நிலைகளுக்கு நடுவே விழுந்தால் இலகுவானதையே எடுங்கள். மென்மையான பட்டை மேடு பள்ளத்தில் சக்கரத்தைத் தரையோடு வைத்திருக்கும். விறைப்பான பட்டை சக்கரத்தைத் தூக்கிவிடும், தூக்கிய சக்கரம் சும்மா சுழலும்.

விறைப்பு அதிகமான பட்டையைக் காலி வண்டியில் போட்டால் உயரமும் தப்பிப்போகும். ஒரு பட்டை ஒரு மில்லிமீட்டர் அமுங்க 3.5 கிலோ வேண்டும் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 7 கிலோ. வரவேண்டிய 210 கிலோ வராவிட்டால் வண்டி 30 மி.மீ. கூடுதலாக உயர்ந்து நிற்கும். 50 மி.மீ. கேட்டவருக்கு 80 மி.மீ. கிடைக்கும், அதோடு பின்னால் சொல்லப்போகும் தொல்லைகள் எல்லாம் சேர்ந்தே வரும்.

ஒன்றை மறக்க வேண்டாம். கனமான பட்டை போட்டதால் வண்டி சட்டப்படி சுமக்கக்கூடிய எடை கூடிவிடாது. ஆக்சில், பேரிங், பிரேக், சேசிஸ் எல்லாம் பழையவைதான். எவ்வளவு உயர்த்தலாம் என்பதற்கு உங்கள் ஊர் வாகன விதியில் வரம்பு இருக்கலாம், பொருள் வாங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

எடைக்குப் பிறகு உயரம். சமதளத்தில், டயரில் வழக்கமான காற்றோடு, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்திலிருந்தும் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து நான்கையும் எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் "உயர்ந்திருக்கிறதா, சாய்ந்திருக்கிறதா" என்ற கேள்விக்கு இந்த நான்கு எண்கள்தான் விடை.

உயர்த்தும் வழிகளில் எது உருப்படி

புது பட்டை செட்தான் சரியான வழி. 40 முதல் 50 மி.மீ. வரை உயர்த்தினால் பெரும்பாலான வண்டிகளில் புரொப்பல்லர் ஷாஃப்டும் (பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) பிரேக் ஹோஸும் சிறு திருத்தங்களோடு தாங்கும். 75 மி.மீ.க்கு மேல் போனால் சிறு திருத்தம் போதாது, வேலையின் அளவே மாறிவிடும்.

இருக்கும் செட்டில் ஒரு பட்டை சேர்ப்பது செலவு குறைந்த வழி. சேர்க்கும் பட்டை முழு நீளமாக இருந்தால் ஓரளவு பரவாயில்லை. குட்டைப் பட்டை சேர்த்தால் அதன் முனை மேலே உள்ள பட்டையை ஒரே இடத்தில் அழுத்தும், அந்த இடத்தில் பட்டை நாளடைவில் ஒடியும்.

ஷேக்கிளை (பட்டையின் பின்முனையைச் சேசிஸோடு இணைக்கும், ஆடும் இணைப்பை) நீட்டினால் நீட்டியதில் பாதிதான் உயரம் கிடைக்கும்: 50 மி.மீ. நீட்டினால் சுமார் 25 மி.மீ. பினியன் மூக்கும் (ஷாஃப்ட் வந்து சேரும் ஆக்சிலின் முன்முனை) மேல்நோக்கித் திரும்பும், பக்கவாட்டு ஆட்டமும் கூடும்.

ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே கட்டை வைத்து உயர்த்துவதைக் கரடுமுரடான பாதைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஆக்சிலை எஞ்சின் முறுக்கும்போது கட்டை ஒரு நெம்புகோலாகி, பட்டையை எஸ் வடிவில் வளைக்கும். ஒரு கட்டையின் மேல் இன்னொரு கட்டை வைப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். முன் ஆக்சிலில் கட்டை வைப்பதும் அப்படித்தான்.

பட்டைக்கு மேல் வைக்கும் காற்றுப் பைகள் பற்றியும் சொல்ல வேண்டும். அசலில் பட்டை தன் பாரத்தை முன் பிராக்கெட், பின் ஷேக்கிள் என்ற இரண்டு இடங்களில் சேசிஸுக்குக் கொடுக்கிறது. காற்றுப் பை அதை நடுவில் ஒரே புள்ளிக்குக் கொண்டுவருகிறது. நான்கு கதவு வண்டியில் ஆக்சிலுக்குப் பின்னால் அதிக எடை, பையில் அதிகக் காற்று, குதிக்கும் பாதை மூன்றும் சேர்ந்தால் சேசிஸ் அந்தப் புள்ளியில் வளைந்துவிடும். இது உண்மையாகவே நடக்கிற சேதம். நிரந்தரப் பாரத்துக்குப் பட்டையை மாற்றுங்கள், பையை நம்ப வேண்டாம்.

ஷாக் அப்சார்பரை அளந்து வாங்குங்கள்

"50 மி.மீ. உயரத்துக்கான ஷாக்" என்று பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்கினால் பாதி நேரம் தவறும். புது பட்டை ஏறியபின் மூன்று அளவுகள் எடுக்க வேண்டும், மூன்றும் மேல் போல்ட் மையத்திலிருந்து கீழ் போல்ட் மையம் வரை.

சமதளத்தில் நிற்கும்போது உள்ள நீளம் 500 மி.மீ. என்று வையுங்கள். பம்ப் ஸ்டாப்புக்கும் அது மோதும் இடத்துக்கும் இடைவெளி 90 மி.மீ. ரப்பரின் உயரம் 60 மி.மீ. என்றால் பலமாக மோதும்போது அது பாதியளவு, அதாவது 30 மி.மீ. நசுங்கும் என்று கொள்ளுங்கள். ஆக, முழுதாக அமுங்கும்போது இடம் 500 − 120 = 380 மி.மீ. ஷாக்கின் மூடிய நீளம் அதைவிட 10 மி.மீ.யாவது குறைவாக, 370க்குள் இருக்க வேண்டும். ஷாக் சாய்வாக மாட்டியிருந்தால் நிஜத்தில் இதைவிடக் குறைவாகவே அமுங்கும், எனவே இந்தக் கணக்கு பாதுகாப்பான பக்கம்தான்.

விரிந்த நீளத்துக்கு, ஒரு பின் சக்கரத்தை மேட்டில் ஏற்றி மறுபக்கச் சக்கரம் தொங்கும் நிலையில் அளக்க வேண்டும். சேசிஸைத் தூக்கி இரண்டு சக்கரமும் சேர்ந்து தொங்கும்போது அளந்தால் குறைவாகவே காட்டும். தொங்கும் பக்கம் 590 மி.மீ. வந்தால், 600 அல்லது அதற்கு மேல் விரியும் ஷாக் தேவை.

மூடியது 370, விரிந்தது 600: நகர்வு 230 மி.மீ. இந்த மூன்று எண்களோடு கடைக்குப் போங்கள்.

மூடிய நீளம் பெரிதாகிவிட்டால் பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக் அடிவாங்கும். தண்டு வளையும், கீழ்க்கண் (போல்ட் நுழையும் கீழ் வளையம்) கிழியும், சில வேளை சேசிஸில் உள்ள மேல் பிராக்கெட்டே பிய்ந்து வரும். விரியும் நீளம் போதாவிட்டால் தொங்கும் ஆக்சிலின் முழு எடையும் ஷாக்கிலேயே தொங்கும், உள்ளே பிஸ்டன் நட்டும் சீலும் சேதமாகும்.

வகையைப் பொறுத்தவரை, குறுகிய கடினப் பாதைக்கு நல்ல இரட்டைக் குழாய் ஷாக் போதும், வெளிக்குழாயில் கல் பட்டு ஒடுங்கினாலும் தொடர்ந்து வேலை செய்யும். மணிக்கணக்கில் அலைப்பாதையில் (அலை அலையாக மேடு விழுந்த மண்பாதையில்) ஓடுபவர்களுக்கு ஒற்றைக் குழாய் நல்லது. எண்ணெயும் நைட்ரஜனும் தனித்தனியே இருப்பதால் நுரைக்காது, வெப்பத்தையும் சீக்கிரம் விடும். ஆனால் குழாயில் ஒரு ஒடுக்கு விழுந்தால் பிஸ்டன் அதிலேயே சிக்கும். எந்த வகையானாலும் தணிப்பு உங்கள் புது பட்டையின் விறைப்புக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பட்டையையும் ஷாக்கையும் ஒரே செட்டாக வாங்குவதில் உள்ள பெரிய பயன் அதுதான்.

தேவையானவை

பட்டை செட் 2, புது யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு கட்டும் U வடிவ போல்ட்) 4, அதற்கான நட்டுகள் 8, ஷேக்கிள் 2 ஜோடி, ஷாக் 2. புஷ் (போல்ட்டைச் சுற்றி வரும் மெத்தைக் குழாய்) வைக்கும் இடம் ஒரு பக்கத்துக்கு மூன்று (பட்டையின் முனை வளையங்களான முன் கண், பின் கண், சேசிஸில் ஷேக்கிள் மாட்டும் குழாய்), ஆக மொத்தம் ஆறு இடம். இரண்டு துண்டாக வரும் பாலியூரித்தேன் புஷ் என்றால் 12 துண்டு. அதோடு வரும் கிரீஸை மட்டும் தடவுங்கள். பெட்ரோலியக் கிரீஸ் ரப்பரைக் கெடுக்கும்.

கருவியில் சமரசம் செய்யக் கூடாதவை மூன்று: வண்டியின் எடைக்கு ஏற்ற இரண்டு ஸ்டாண்டுகள், ஒரு நல்ல தரை ஜாக்கி, டார்க் ரெஞ்ச். இவற்றோடு நீளமான கைப்பிடி, துருவிளக்கி எண்ணெய், கம்பி பிரஷ், சி கிளாம்ப், கிரைண்டர், கோணமானி.

கழற்றுதல்

வேலைக்கு இரண்டு நாள் முன்பே யூ போல்ட் நட்டுகள், ஷேக்கிள் போல்ட்டுகள், முன் கண் போல்ட் எல்லாவற்றிலும் துருவிளக்கி எண்ணெய் விடுங்கள். மறுநாள் இன்னொரு முறை.

முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களைத்தான் பிடிக்கிறது என்பதால், பின்பக்கம் தூக்கிய பிறகு வண்டி நகராமல் காப்பது இந்தக் கட்டைகள் மட்டுமே. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே தளர்த்தி, பின்பு தூக்கி, பட்டையின் முன் பிராக்கெட்டுக்குச் சற்று முன்னால் சேசிஸின் அடியில் ஸ்டாண்டுகளை வையுங்கள். வண்டியைக் கையால் தள்ளி அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போங்கள்.

ஜாக்கியை டிஃபரன்ஷியலுக்கு அடியில் வைத்து ஆக்சிலின் எடையை மட்டும் தாங்குங்கள். ஷாக்குகளைக் கழற்றுங்கள். சேசிஸோடு பிரேக் ஹோஸை இணைக்கும் பிராக்கெட், ஹேண்ட் பிரேக் கேபிள் பிடிப்பு, ஆக்சிலின் காற்றுக் குழாய், பாரத்துக்கு ஏற்ப பிரேக்கை மாற்றும் வால்வின் கம்பி ஆகியவற்றை விடுவியுங்கள். வால்வுக் கம்பி இருந்த நீளத்தைப் பெயிண்டால் குறித்துவிடுங்கள். இதில் ஒன்றை மறந்தாலும் ஆக்சில் இறங்கும்போது ஹோஸ் இழுபட்டு உள்ளே கிழியும், வெளியே தெரியாது.

இனி ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். மறுபக்கப் பட்டைதான் ஆக்சிலை அதன் இடத்தில் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் ஜாக்கியின் மேல் உருளும்.

யூ போல்ட் அசையாவிட்டால் கிரைண்டரால் வெட்டிவிடலாம், எப்படியும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஒருமுறை இறுக்கிய யூ போல்ட் இழுபட்டு நீண்டிருக்கும், இரண்டாம் முறை அதே பிடிமானத்தைத் தராது. அடுத்து பின் ஷேக்கிள், கடைசியாக முன் கண் போல்ட். முரண்டு பிடிப்பது இந்த முன் போல்ட்தான், புஷ்ஷின் உள்குழாயோடு துரு பிடித்து ஒட்டியிருக்கும். எரிபொருள் டேங்க் அருகில் இருப்பதால் நெருப்பு வைத்துச் சூடாக்காதீர்கள், தீப்பொறி பறக்கும் வெட்டும் இங்கே வேண்டாம். சில வண்டிகளில் போல்ட் வெளிவர டேங்கே தடுக்கும். அப்போது டேங்கின் பிடிப்பைத் தளர்த்திச் சற்று இறக்க வேண்டும்.

மாட்டுதல்

பழைய பட்டையையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். சென்டர் போல்ட்டிலிருந்து (பட்டைகளை ஒன்றாகக் கோர்க்கும் போல்ட்) முன் கண் வரை உள்ள நீளம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பல செட்டுகளில் சென்டர் போல்ட் நட்ட நடுவில் இருக்காது. முன்பின் மாற்றிப் போட்டால் ஆக்சிலே நகர்ந்துவிடும், டயர் மட்கார்டில் உரசும். இடது வலது குறியிருந்தால் அதையும் மதியுங்கள். ஓட்டுநர், டேங்க் இவற்றின் எடையை ஈடுகட்ட ஒரு பக்கத்தைச் சற்று வளைவு கூட்டிச் செய்திருப்பார்கள்.

முன் கண்ணை முதலில் மாட்டி, போல்ட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். பின்பு ஷேக்கிள், அதுவும் கையால் மட்டும். ஆக்சிலில் பட்டை உட்காரும் மேடையைக் கம்பி பிரஷால் துருவும் மண்ணும் போகத் தேய்த்துவிட்டு ஜாக்கியை மெல்ல உயர்த்துங்கள். சென்டர் போல்ட்டின் தலை மேடையில் உள்ள துளைக்குள் முழுதாக இறங்க வேண்டும். விரலால் தடவிப் பார்த்து உறுதி செய்யுங்கள். தலை துளையில் இறங்காமல் விளிம்பில் உட்கார்ந்த நிலையில் யூ போல்ட்டை இறுக்கினால், ஓடத் தொடங்கியதும் ஆக்சில் வழுக்கும்.

யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, மூன்று கட்டமாக இறுக்குங்கள். நான்கு நுனியிலும் வெளியே தெரியும் மரையின் நீளம் சமமாக இருக்கட்டும். பிக்கப்புகளில் இறுக்கம் பெரும்பாலும் 100 முதல் 150 நியூட்டன் மீட்டருக்குள் வரும், ஆனால் போல்ட்டின் கனமும் தரமும் வேறுபடும் என்பதால் செட்டோடு வரும் தாளில் உள்ள எண்ணே முடிவு. பட்டையை ஆக்சிலோடு பிடித்து வைப்பது யூ போல்ட்டின் இறுக்கம்தான். சென்டர் போல்ட் இடம் காட்டும் ஊசி மட்டுமே. யூ போல்ட் தளர்ந்தால் அந்தச் சின்ன போல்ட் வெட்டுப்பட்டுப் போகும், அல்லது பட்டை சரியாக அதன் துளையில் ஒடியும்.

மறுபக்கமும் இதேபோல் முடித்து, ஷாக்குகளையும் சக்கரங்களையும் மாட்டி வண்டியைத் தரையில் இறக்குங்கள். பின்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கி ஆட்டிவிட்டு, இப்போதுதான் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் முழு இறுக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும். ரப்பர் புஷ் சுழலாது, முறுக்கிக்கொள்ளும். ஆக்சில் தொங்கும்போதே இறுக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதும் அது முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதத்தில் கிழிந்துவிடும். உயரத்தையும் தவறாகக் காட்டும்.

பிரேக்கும் ஷாஃப்டும்

ஒரு சக்கரம் முழுதாகத் தொங்கும் நிலையில் பிரேக் ஹோஸில் தளர்வு இருக்கிறதா பாருங்கள். இறுகினால் நீளமான ஹோஸ் போடுங்கள், அல்லது அதற்கான பிராக்கெட்டால் சேசிஸ் முனையைக் கீழிறக்குங்கள். இரும்புக் குழாயை வளைத்துச் சமாளிக்காதீர்கள்.

பாரம் பார்க்கும் பிரேக் வால்வு உள்ள வண்டியில் இன்னொரு ஆபத்து மறைந்திருக்கிறது. சேசிஸ் உயர்ந்ததும் "பின்னால் பாரமே இல்லை" என்று வால்வு எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். நிறைந்த பாரத்தோடு இறக்கத்தில் வரும்போதுதான் அது தெரியவரும். வண்டி உயர்ந்த அளவுக்கே வால்வின் கம்பி பொருந்தும் பிராக்கெட்டையும் உயர்த்த வேண்டும். அழுத்தமானி வைத்துச் சரிபார்க்கும் பிரேக் மெக்கானிக்கிடம் இந்த ஒரு வேலையைக் கொடுப்பது தவறில்லை.

அடுத்து பினியன் கோணம். இரண்டு கிராஸ் (கோணத்தில் திரும்பும் மூட்டு) உள்ள ஒற்றை ஷாஃப்டில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) வெளிவரும் கோடும் பினியனின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். பட்டை வண்டியில் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது பினியன் மூக்கு மேலே எழும் என்பதால், நிற்கும்போது 1 முதல் 2 பாகை கீழ்நோக்கி இருப்பது நல்லது. வேகத்தோடு கூடும் அதிர்வு வந்தால் கோணம் தவறியிருக்கலாம். பட்டைக்கும் மேடைக்கும் நடுவே சாய்வு ஆப்பு வைத்துத் திருத்தலாம். பட்டை ஆக்சிலுக்கு மேலே இருக்கும் அமைப்பில், ஆப்பின் தடித்த பக்கம் பின்னால் இருந்தால் பினியன் உயரும், முன்னால் இருந்தால் தாழும். 2 அல்லது 4 பாகை இரும்பு ஆப்பு போதும். அலுமினிய ஆப்பு நசுங்கி விரிசல்விடும், யூ போல்ட் தளரும். ஆப்பு வைத்த பிறகும் சென்டர் போல்ட் தலை துளையை எட்ட வேண்டும், எட்டாவிட்டால் நீளமான தலை உள்ள போல்ட் மாற்றுங்கள்.

நடுவில் பேரிங் உள்ள இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது மட்டும் ஒரு உதறல் வரும். நடு பேரிங்கை 10 முதல் 15 மி.மீ. கீழிறக்கும் துண்டு வைத்தால் பெரும்பாலும் போய்விடும்.

பின்பக்கம் மட்டும் உயர்ந்தால் முன் சக்கரங்களின் காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டீயரிங் அலையும். முன்பக்கத்தையும் ஏற்ப உயர்த்தி அலைன்மென்ட் பாருங்கள். ஹெட்லைட் உயரத்தையும் திருத்துங்கள்.

ஓட்டிய பிறகு

முதல் ஓட்டம் வெறிச்சோடிய இடத்தில், பிரேக் சோதனைக்காக. 100 கிலோமீட்டரில் யூ போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி பாருங்கள், பெரும்பாலும் கொஞ்சம் திரும்பும். பின்பு 500இலும் 1,000இலும். புது பட்டை இந்த நாட்களில் 10 முதல் 15 மி.மீ. தாழ்ந்து நிலைகொள்ளும். அது பழுதல்ல. ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் சாமான் வைத்திருக்கும் முறையை முதலில் பாருங்கள், பிறகு இடது வலது பட்டை மாறியிருக்கிறதா என்று.

கீச்சு சத்தம் வந்தால் பட்டைகளின் நடுவே மண் போயிருக்கிறது, அல்லது முனையில் உள்ள பிளாஸ்டிக் அட்டை தேய்ந்திருக்கிறது. பட்டைகளுக்கு நடுவே சாதாரண கிரீஸைத் தடவ வேண்டாம், மணலை இழுத்து அரம்போலத் தேய்க்கும். கழுவி, அட்டையை மாற்றுங்கள். செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்கம் தடதடவென்று குதித்தால் அது ஆக்சில் முறுக்கு: உடனே ஆக்சிலரேட்டரை விடுங்கள், தொடர்ந்து மிதித்தால் உடைவது கிராஸ் அல்லது பினியன். தளர்ந்த யூ போல்ட்டும் அடியில் வைத்த கட்டையும்தான் இதற்கு வழக்கமான காரணங்கள். அலைப்பாதையில் ஒரு மணி நேரம் ஓடியதும் வண்டி மிதப்பதுபோல் இருந்தால் ஷாக் எண்ணெய் சூடாகிவிட்டது. நிறுத்தி ஆறவிடுங்கள், டயர் காற்றையும் வேகத்தையும் குறைத்து ஓட்டுங்கள்.

ஒவ்வொரு கடினப் பயணத்துக்குப் பிறகும் பட்டைகளைக் கழுவி, டார்ச் அடித்து மூன்று இடங்களைப் பாருங்கள்: சென்டர் போல்ட்டை ஒட்டிய பகுதி, பட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புகள், ஷாக்கின் கீழ்க்கண். கிளிப் கழன்றிருந்தால் அன்றே மாற்றுங்கள். சக்கரம் தொங்கும்போது கிளிப் இல்லாத செட்டில் கீழ்ப்பட்டைகள் விலகி நிற்க, முழுப் பாரமும் மேல் பட்டை ஒன்றின் மேலேயே விழும். நீண்ட பயணத்துக்குக் கருவிப் பெட்டியில் ஒரு சென்டர் போல்ட், இரண்டு யூ போல்ட், நான்கு நட்டு, ஒரு சி கிளாம்ப் இருக்கட்டும். பாதையில் சென்டர் போல்ட் போனால், பட்டைகளை கிளாம்பால் நெருக்கிப் பிடித்து அங்கேயே மாற்றிவிடலாம்.